ஐந்து மூடி, இரண்டரைத் தேங்காய்: பின்ன வகைகளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: காங்கேயம் அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் அமர்கின்றன. தகு பின்னம், தகா பின்னம், கலப்பு பின்னம் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் வரையறையைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் 5/4-ஐப் படமாக வரையச் சொன்னால், "நான்கு துண்டுதானே இருக்கிறது டீச்சர், ஐந்தாவது எங்கிருந்து வரும்?" என்கிறார்கள். 1/4, 1/8 இரண்டில் எது பெரியது என்றால் 1/8 என்கிறார்கள். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுகிறார்கள். தேங்காய்க் களங்களில் வேலை செய்யும் பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவுமே ஒட்டவில்லை. பின்ன வகைகளை எந்த வரிசையில் நடத்தினால் புரியும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

"ஐந்தாவது எங்கிருந்து வரும்?" என்று கேட்ட பிள்ளையை முதலில் பாராட்டிவிடுங்கள். மிக நியாயமான கேள்வி அது. ஒரு வட்டத்தை வரைந்து, நான்காகப் பிரித்து, மூன்றுக்கு வண்ணம் தீட்டி, இதுதான் பின்னம் என்று முதல் வகுப்புகளிலிருந்தே காட்டி வருகிறோம். அந்த வட்டத்துக்குள் ஐந்தாவது துண்டு கிடையாது. நாம் காட்டிய படத்தை அந்தப் பிள்ளை அப்படியே நம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தவறுகளுக்கும் வேர் ஒன்றே. பிள்ளைகளுக்குப் பின்னம் இன்னும் ஓர் எண்ணாகத் தெரியவில்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு என்று இரண்டு எண்களாகத்தான் தெரிகிறது. அதனால்தான் 8 பெரியது, ஆகவே 1/8 பெரியது என்கிறார்கள். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டி 2/5 என்று எழுதுகிறார்கள். இது உங்கள் வகுப்புக்கு மட்டும் நேர்ந்தது என்று மனம் தளர வேண்டாம். 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான கல்வி மதிப்பீட்டில், 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் விடை எதற்கு மிக அருகில் வரும் என்று கேட்டு 1, 2, 19, 21 என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். இரண்டுமே ஏறக்குறைய ஒன்று, ஆகவே விடை 2. பதின்மூன்று வயது மாணவர்களில் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். ஐந்தாம் வகுப்பில் தட்டிச் சரிசெய்யாவிட்டால் பிழை எட்டாம் வகுப்பு வரை கூடவே வருகிறது.

ஆகவே நான் முதலில் சொல்வது: தகு, தகா, கலப்பு, ஓரின, வேற்றின ஆகிய எல்லாப் பெயர்களையும் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையுங்கள். பெயர்கள் கடைசியில் வரட்டும். அதற்கு முன் பிள்ளைகள் பின்னங்களை வரிசையாக எண்ணப் பழக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதைப் போலவே ஒரு கால், இரண்டு கால், மூன்று கால், நான்கு கால், ஐந்து கால், ஆறு கால் என்று வாய்விட்டு எண்ண வேண்டும். நான்கோடு நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு உங்கள் ஊரைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் குறைவு. பள்ளிக்கு வரும் வழியில் தேங்காய்க் களங்களில் உடைத்துக் காயப்போட்ட மூடிகளைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஒரு பையில் பத்துப் பன்னிரண்டு காய்ந்த மூடிகளை வகுப்புக்கு எடுத்து வாருங்கள். ஒன்றை மேசைமேல் வைத்து, "எத்தனை தேங்காய்?" என்று கேளுங்கள். அரை. இன்னொன்றை வையுங்கள். ஒன்று. அடுத்தது வந்தால் ஒன்றரை. இப்படி ஐந்து மூடிகள் வைத்துவிட்டு, கரும்பலகையில் 1/2, 2/2, 3/2, 4/2, 5/2 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பிள்ளைகள் சொன்னதை எழுதுங்கள்: அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை. ஐந்தாவது மூடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த தேங்காயை உடைத்தால் வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுங்கள், அவசரப்படாதீர்கள். மேசைமேல் கிடப்பது ஒரே குவியல்தான். அதை மூடிக் கணக்கில் எண்ணினால் 5/2, தேங்காய்க் கணக்கில் எண்ணினால் 2 1/2. தகா பின்னமும் கலப்பு பின்னமும் வேறு வேறு எண்கள் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராமலே போய்விடும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தேங்காயைச் சரிபாதியாக உடைக்க முடியாது. கூர்மையான ஒரு பிள்ளை அதைச் சுட்டிக்காட்டினால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள். எண்ணப் பழகுவதற்கு மூடி போதும். அளவு சரியாக வேண்டும் என்னும்போது நாடாவுக்கு மாறிவிடலாம்.

நாடா என்று நான் சொல்வது கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பருத்தி நாடா. திருப்பூர் பக்கத்துப் பள்ளிகளில் சில ஆசிரியர்கள் பனியன் துணியின் வெட்டுத் துண்டுகளைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பின்னுத் துணி இழுத்தால் நீளும். ஒரு பிள்ளையின் கால் பாகம் இன்னொரு பிள்ளையின் கால் பாகத்தைவிட நீளமாகிவிடும். முழு அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் பின்னத்துக்கே அர்த்தம் இருக்கிறது. ஆகவே நீளாத நாடாவாக வாங்கி, ஒவ்வொன்றையும் சரியாக 120 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. 120-ஐப் பாதியாக்கினால் 60, மூன்றாக்கினால் 40, நான்காக்கினால் 30, ஐந்தாக்கினால் 24, ஆறாக்கினால் 20, எட்டாக்கினால் 15. எதிலும் மில்லிமீட்டர் தொல்லை வராது.

பிறகு வகுப்பறையில் ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பி வரை கயிறு கட்டுங்கள், பிள்ளைகளின் கண் உயரத்தில். இடது ஓரத்தில் 0 என்று ஓர் அட்டை. அங்கிருந்து 120 சென்டிமீட்டரில் 1, அடுத்த 120-இல் 2, அதற்கடுத்து 3. துணி கிளிப்புகள் ஒரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை நாடாவை இரண்டு முறை மடித்துக் கால் பாக நீளம் ஆக்கி, 0-இல் வைத்து ஒவ்வொரு தாவலாகக் கயிற்றின் மேல் நகர்த்தட்டும். ஒவ்வொரு தாவல் முடியும் இடத்திலும் அட்டை: 1/4, 2/4, 3/4, 4/4. நான்காவது அட்டை 1-இன் மேலேயே வந்து விழும். வகுப்பே எழுந்து பார்க்கும். கையில் நாடாவும் இருக்கிறது, எதிரே கயிறும் போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது தாவலையும் வைத்துவிடுவார்கள்.

அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2010இல் வெளியிட்ட பின்னக் கற்பித்தல் வழிகாட்டி, இந்தக் கயிற்றைப் போன்ற எண்கோட்டையே முதன்மைக் கருவியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பின்னம் ஓர் எண், அதற்கு எண்களின் வரிசையில் ஓர் இடம் உண்டு என்பதை வட்டம் காட்டாது, கோடு காட்டும். வட்டத்தை முற்றிலும் விட்டுவிடச் சொல்லவில்லை. பண்டிகை நாளில் ஒப்புட்டை (போளியை) பங்கிட்டுக் காட்டுவதற்கு வட்டம் நன்றாகவே இருக்கும். ஆனால் வட்டத்தை மூன்றாகவோ ஐந்தாகவோ சமமாகப் பிரிக்கப் பெரியவர்களாலேயே முடிவதில்லை. பிள்ளையின் கையில் கொடுத்தால் கோணல்மாணலாக வரும், அதோடு சம பங்கு என்ற கருத்தும் கோணலாகிவிடும்.

அதே நாடாவை மூன்றாவது முறையும் மடித்தால் எட்டில் ஒரு பங்கு. தாவல் சின்னதாகிவிட்டது என்பதைப் பிள்ளையின் விரலே உணரும். 1/8 பெரியதா, 1/4 பெரியதா என்று அதற்குப் பிறகு வாதாட வேண்டியிருக்காது. மூன்றாக மடிப்பது கொஞ்சம் சிரமம். நாடாவை மூன்று அடுக்காக வளைத்து, ஓரங்கள் ஒன்றாகும் வரை நகர்த்திப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். மடிப்பதற்கு முன் "1/3 கயிற்றில் எங்கே வரும்?" என்று கேட்டு ஒவ்வொருவரையும் விரல் வைக்கச் சொல்லுங்கள். இந்த ஊகிக்கும் பழக்கம் வரையறையைப் பத்து முறை எழுதுவதைவிட மேலானது.

சில நாட்களில் ஒரே இடத்தில் இரண்டு அட்டைகள் வந்து சேரும். 1/2 இருக்கும் இடத்துக்கே 2/4 வரும், பிறகு 4/8 வரும். ஒரே கிளிப்பில் மூன்று அட்டைகளையும் மாட்டச் சொல்லுங்கள். சமான பின்னங்களுக்கு இதைவிட நேரடியான விளக்கம் எனக்குத் தெரியாது. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கு என்ற விதி, கிளிப்பில் தொங்கும் அட்டைகளைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்ல வேண்டியது.

தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் கிணற்றுப் பங்கைக் கேளுங்கள். கொங்கு நாட்டில் பல குடும்பங்கள் பங்கு வைத்திருக்கும் கிணறுகள் உண்டு. நிலப் பத்திரத்தில் 'கிணற்றில் 4இல் 1 பாகம்' என்று எழுதியிருப்பார்கள். அப்படியென்றால் எட்டு நாள் முறையில் அவர்களுக்கு எத்தனை நாள் தண்ணீர்? இரண்டு நாள். 1/4-உம் 2/8-உம் ஒன்று என்பது அந்தப் பிள்ளைக்கு வீட்டு விஷயம். அந்தக் கால் பாகத்தை அண்ணனும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எட்டில் ஒன்று, அதாவது எட்டு நாளைக்கு ஒரு நாள். பகுதி, அதாவது கீழே உள்ள எண், பெரிதாகும்போது பங்கு ஏன் சிறிதாகிறது என்பதை நீங்கள் சொல்லவே தேவையில்லை.

ஐந்தாம் வகுப்பில் விவாதத்துக்கு இன்னொன்றும் வைக்கலாம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டப் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, சுழற்சி முறையில் தண்ணீர் விடப்படுகிறது. "நான்கு மண்டலங்கள் இருக்கின்றன, அப்படியானால் ஒவ்வொன்றும் மொத்தப் பரப்பில் கால் பங்கா?" என்று கேளுங்கள். ஆம் என்று எல்லாரும் சொல்வார்கள். பரப்பு சமமாக இருந்தால்தான் கால், நான்காகப் பிரித்தால் மட்டும் போதாது என்று ஒரு பிள்ளையாவது சொல்லும் வரை காத்திருங்கள்.

எழுதும் முறையில் ஒரு சிறு திருத்தம். நாம் 3/4-ஐ 'நான்கில் மூன்று' என்று படிக்கிறோம். கேட்டு எழுதும் பிள்ளை முதலில் காதில் விழுந்த நான்கை மேலே எழுதி, மூன்றைக் கீழே எழுதிவிடும். ஆகவே எழுதும்போது முதலில் கோடு, பிறகு கீழே பகுதி, கடைசியாக மேலே தொகுதி என்று பழக்குங்கள். எத்தனையாகப் பிரித்தோம் என்பது முதலில், எத்தனை எடுத்தோம் என்பது பிறகு. சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகிவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும்.

இனி கூட்டல். இரண்டு காலும் ஒரு காலும் சேர்ந்தால் மூன்று கால் என்பது எண்ணப் பழகிய பிள்ளைக்குக் கேள்வியே இல்லை. கீழே உள்ள எண் ஒன்றாகவே இருக்கும் இதுதான் ஓரினப் பின்னக் கூட்டல். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டும்போது மறுபடியும் கயிற்றுக்குப் போங்கள். 0-இலிருந்து அரை நாடா, அதன் முடிவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நாடா. 60-உம் 40-உம் சேர்ந்து 100 சென்டிமீட்டரில் முடியும். இப்போது அவர்கள் எழுதிய 2/5-ஐயும் கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். அது 48 சென்டிமீட்டரில், அரைக்கும் பின்னால் நிற்கும். அரையோடு இன்னொரு துண்டைச் சேர்த்தும் அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று பிள்ளைகளே திகைப்பார்கள். நீங்கள் சிவப்பு மையில் தவறு போடுவதைவிட அந்தத் திகைப்பு வேலை செய்யும்.

அடுத்த கேள்வி இயல்பாக வரும்: 60-லும் 40-லும் மிச்சமில்லாமல் தாவல் வைக்க எந்த நாடா உதவும்? ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கட்டும். ஆறில் ஒரு பங்கு, 20 சென்டிமீட்டர், சரியாக வரும். அரைக்கு மூன்று தாவல், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு தாவல், ஆக மொத்தம் ஐந்து தாவல், 5/6. வேற்றினப் பின்னங்களை ஓரினமாக்குவது ஏன் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டாம். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை இந்த அனுபவத்துக்குப் பிறகு சொல்லுங்கள்.

கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்ற, 'பெருக்கிக் கூட்டு' என்ற சூத்திரத்தை முதலிலேயே கொடுத்துவிடுவது நம்மிடம் ஆழப் பதிந்த பழக்கம். அதற்குப் பதில் பிள்ளைகளின் அமிச்சி (பாட்டி) வீட்டிலிருந்து படியும் உழக்கும் வாங்கி வாருங்கள். நான்கு உழக்கு ஒரு படி. வகுப்புக்கு முன்பே நீங்கள் மணலை அளந்து ஊற்றிச் சரிபாருங்கள். நசுங்கிய பழைய பாத்திரம் நான்கில் நிரம்பாமல் போனால் பாடமே குழம்பிவிடும். இரண்டேகால் படி மணலை உழக்கால் அளந்தால் எத்தனை உழக்கு? நான்கு, இன்னொரு நான்கு, அதன்மேல் ஒன்று. ஒன்பது. ஆகவே 2 1/4 என்பது 9/4. இரண்டு மூன்று முறை அளந்ததும், "படியை நான்கால் பெருக்கி மிச்சத்தைக் கூட்டினால் போதுமே டீச்சர்" என்று ஒரு குரல் எழும். சூத்திரம் அங்கே பிறக்கட்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் கையில் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். முந்தைய தலைமுறைக்கு இது கடைத்தெருவிலேயே கிடைத்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில், அதாவது 1957 வரை, நாலணா கால் ரூபாய், எட்டணா அரை ரூபாய் என்று அப்புச்சிமார்கள் (தாத்தாக்கள்) கணக்கு வைத்திருந்தார்கள். பிறகு வந்த 25 காசும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது. இன்று மளிகைக் கடைத் தராசில் கால் கிலோ எடைக்கல் கிடையாது, 0.250 என்று திரை காட்டுகிறது. அரையும் காலும் பிள்ளையின் காதில் விழுகின்றன, கையில் படுவதில்லை. பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியில் முந்திரி வரை, அதாவது 1/320 வரை மனப்பாடம் செய்தார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். ஆனால் காணி என்பது 1/80, முந்திரி 1/320, ஒரு காணிக்கு எத்தனை முந்திரி என்று ஆர்வமுள்ள பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், விரும்பிச் செய்வார்கள்.

எல்லாம் முடிந்தபின் பெயர்களுக்கு ஒரே ஒரு பாடவேளை போதும். கயிற்றில் தொங்கும் அட்டைகளில் 1-க்கு இடப்பக்கம் இருப்பவை தகு பின்னங்கள். 1-இலும் அதற்கு வலப்பக்கமும் இருப்பவை தகா பின்னங்கள். 4/4 எதில் சேரும் என்று கட்டாயம் கேளுங்கள். தொகுதியும் பகுதியும் சமமானால் அது தகா பின்னம்தான். இதைப் பல வழிகாட்டி நூல்கள் பேசாமல் தாண்டிவிடுகின்றன, தேர்வில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 8/4-ஐயும் காட்டுங்கள். அது தகா பின்னம், ஆனாலும் சரியாக 2-இல் நிற்கிறது, கலப்பு பின்னமாக எழுத அதில் மிச்சமில்லை. மேற்பார்வைக்கு வருபவர் வரையறை கேட்டால் உங்கள் பிள்ளைகள் கயிற்றைக் காட்டியே சொல்வார்கள்.

இரண்டு வகுப்பும் ஒரே அறையில் இருப்பது இந்தப் பாடத்துக்கு ஒரு வசதி. கயிறு பொதுவாக இருக்கட்டும். நான்காம் வகுப்பு அரை, கால், அரைக்கால் நாடாக்களோடு 0-க்கும் 2-க்கும் இடையில் வேலை செய்யட்டும். ஐந்தாம் வகுப்பு மூன்று, ஐந்து, ஆறு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கூட்டலுக்குப் போகட்டும். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சியில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பழகியவர் நீங்கள், இதைச் சமாளிப்பது கடினமாக இராது.

பீகார் பிள்ளைகள் மூவரைப் பற்றி. அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. இந்தியில் காலுக்குப் பாவ், அரைக்கு ஆதா, ஒன்றேகாலுக்குச் சவா, ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயி என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஐந்து மூடிகளை மேசைமேல் வைக்கும் நாளில், "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?" என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழ் எழுத்தில் எழுதி, 5/2 தொங்கும் கிளிப்பிலேயே மாட்டுங்கள். மற்ற பிள்ளைகள் அதைச் சொல்லிப் பழகட்டும். அவர்களின் பெற்றோர் நாள் முழுக்க மூடி எண்ணும் வேலையில்தான் இருக்கிறார்கள். இந்தப் பாடத்தில் அந்தப் பிள்ளைகள் யாருக்கும் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

பாடம் முடிந்ததும் சோதிக்க மூன்று கேள்விகள் தருகிறேன். 7/8, 7/7, 8/7 ஆகியவற்றைக் கயிற்றில் மாட்டு. 2 3/4 படியில் எத்தனை உழக்கு? ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டாமலே விடை எதற்கு அருகில் வரும் என்று சொல். முதல் கேள்வியில் தவறுபவர்களைக் கூட்டலுக்கு அனுப்பாதீர்கள், நாடாவோடு இன்னும் சில நாள் இருக்கட்டும். இரண்டாவதில் தவறினால் மணலை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவதற்கு 19 என்றோ 21 என்றோ யாராவது எழுதினால், அந்தப் பிள்ளையை அழைத்து 12/13-ஐக் கயிற்றில் எங்கே மாட்டுவாய் என்று மட்டும் கேளுங்கள்.